எத்தனை மில்லிகிராம்? — கார்டிசோன்: ஏற்றத்தின் வரலாறும் இறக்கத்தின் வரலாறும்

காலை ஆறு மணிக்கு என் கை என்னுடையதாக இருப்பதில்லை. விரல் மடங்காது, பற்பசை மூடியைத் திறக்கப் பல்லைத்தான் நம்ப வேண்டும். ஒன்றரை மணிநேரம் போனால் கொஞ்சம் இளகும். முடக்குவாதக்காரர்களுக்கு இது தெரிந்த கணக்குதான். சாப்பிட்டதும் ஒரு சின்ன மாத்திரை: பிரட்னிசோலோன், 5 மில்லிகிராம். இதன் வரலாற்றை, மருத்துவ வரலாறு தொடங்குகிற இடத்திலேயே தொடங்கி, அது வழக்கமாக நிறுத்திக்கொள்கிற இடத்தைத் தாண்டியும் போய்ப் பார்க்கலாம்.

அமெரிக்காவில், ரோச்செஸ்டர் நகரத்து மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் 1929இல் ஒன்றைக் கவனித்தார். முடக்குவாத நோயாளி ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூட்டு வலி போய்விட்டது. பிறகு கர்ப்பிணிகளிடமும் இதே சங்கதி. வலியைத் தணிக்கும் ஏதோவொன்று உடலுக்குள்ளேயே இருக்கிறது என்று ஊகித்து, அதற்கு 'எக்ஸ்' என்று பேர் வைத்தார். அதே இடத்தில் எட்வர்ட் கெண்டல், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து பொருள்களைப் பிரித்து எழுத்துகளால் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மன் விமானிகள் அட்ரீனல் சாறு ஏற்றிக்கொண்டு அதிக உயரத்தில் பறக்கிறார்கள் என்றொரு வதந்தி கிளம்பியது. வதந்திக்கு ஆதாரமில்லை, அதை நம்பி அமெரிக்க அரசு ஆராய்ச்சியில் இறக்கிய பணம் மட்டும் நிஜம். மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட், மாட்டுப் பித்தத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் 'ஈ' என்ற பொருளைச் செய்து முடித்தார். கார்டிசோன் என்பது அதன் பிற்காலப் பெயர்.

1948 செப்டம்பர் 21. 29 வயதுப் பெண், படுக்கையில் புரளக்கூட முடியாதவர். குணமாகாமல் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அங்கேயே கிடந்தவர். தினம் 100 மில்லிகிராம் ஊசி. சில நாளில் நடந்தார். ஒரு வாரத்தில் கடைவீதிக்குப் போய் மூன்று மணிநேரம் சுற்றி வந்தார். 1949 ஏப்ரலில் மருத்துவர்கள் கூடிய அரங்கில், இப்படிப்பட்ட நோயாளிகளின் 'முன்னும் பின்னும்' திரைப்படமாகக் காட்டப்பட்டது. கைதட்டல். 1950இல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு.

கார்டிசோனின் பெருங்கதையாடல் இந்தப் படம்தான். 'எழுந்து நட' என்ற பழைய அற்புதத்தின் ஆய்வுக்கூடப் பதிப்பு. அதில் உடல் ஒரு திசையில் மட்டுமே நகர்கிறது: படுக்கையிலிருந்து படிக்கட்டுக்கு. மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு வலி திரும்பியதை ஹென்ச் குழுவினரே பதிவுசெய்திருக்கிறார்கள். இது குணப்படுத்தும் மருந்தல்ல என்றும் எச்சரித்தார்கள். எச்சரிக்கையைப் படமெடுக்க முடியாதே.

மருந்து ஏற ஏற முகம் உருண்டது. நம் கவிதை மரபில் மதிமுகம் என்பது புகழ்ச்சி. ஸ்டீராய்டு நோயாளிக்கு அதுவே நோய்க்குறி. கல்யாண வீட்டில் அத்தை கன்னத்தைக் கிள்ளி, 'இப்பத்தான்டா பூசின மாதிரி இருக்கே' என்கிறாள். உள்ளே எலும்பு கரைவதும் சர்க்கரை ஏறுவதும் தூக்கம் கெடுவதும் அவள் கண்ணுக்குப் படாது. 1956இல் நிகலஸ் ரே எடுத்த 'பிக்கர் தேன் லைஃப்' படத்தில், ஒரு பள்ளி ஆசிரியர் கார்டிசோனை அதிகமாக விழுங்கித் தன்னைக் கடவுளின் இடத்தில் வைத்துக்கொள்கிறார். மருந்தைத் தொடர்ந்தால் பித்து, விட்டால் சாவு. மேயோ படம் சொல்லாததை ஹாலிவுட் சொன்னது வேடிக்கைதான்.

விட்டால் சாவு என்பது சினிமா மிகை அல்ல. வெளியிலிருந்து வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தால் சுரப்பி தன் வேலையை மறந்து சுருங்கிவிடும். 1952இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான அறிக்கை: மாதக்கணக்கில் கார்டிசோன் எடுத்த முடக்குவாதக்காரர், அறுவை சிகிச்சைக்காக மருந்தை நிறுத்தினார்கள், அதிர்ச்சிநிலையிலிருந்து மீளாமல் இறந்தார். 1954இல் பிரிட்டனில் ஆரம்பகட்ட நோயாளிகளிடம் கார்டிசோனையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்டார்கள்; ஓராண்டு முடிவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஆனாலும் மருந்து பரவியது, ஏனென்றால் மலிந்தது. 1949இல் ஒரு கிராம் 200 டாலர். அந்த முதல் நோயாளியின் ஊசி, இந்த விலைக்கு நாளொன்றுக்கு 20 டாலர். மலியவைத்ததில் மெக்சிகோ காடுகளின் பார்பாஸ்கோ கிழங்குக்குப் பெரும் பங்கு. நம்மூர் வெற்றிலைவள்ளி இனம்தான். அதிலிருந்து புரொஜெஸ்டிரோன், அதை 1952இல் அப்ஜான் நிறுவனத்தார் ஒரு பூஞ்சையிடம் கொடுத்துக் கார்டிசோனுக்கு வழி கண்டார்கள். வெராகுரூஸிலும் ஓஹாகாவிலும் கிழங்கைத் தோண்டிச் சுமந்த குடியானவர்கள் நோபல் கதையில் இல்லை. விழுங்கிய உடல்களும் இல்லை. 1955இல் வந்த பிரட்னிசோலோன் வகை இன்னும் வீரியம்: அந்தப் பெண்ணுக்கு ஏறிய 100 மில்லிகிராம், என் மாத்திரையில் நான்கு.

மலிந்த மருந்துக்குப் பெயரும் அளவும் இல்லாமல் போவதும் உண்டு. எங்கள் பெரியம்மா மூட்டு வலிக்கு இரண்டு வருஷம் பொட்டல மருந்து தின்றாள். 'என்ன கைராசி, மூணே நாள்ல எந்திரிச்சிட்டேன்' என்பாள். ரோச்செஸ்டர் படத்தின் அதே காட்சி! நாட்டு மருந்து என்ற பேரில் விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது இந்தியாவில் பலமுறை கண்டறியப்பட்டது. பொட்டலம் கட்டியவர் ஊரைவிட்டுப் போனார். பெரியம்மா பத்தாம் நாள் சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர், 'என்ன மருந்துங்கம்மா? எத்தனை மில்லிகிராம்?' என்று கேட்டார். 'வெள்ளைப் பொடி தம்பி' என்றாள். பிழைத்தாள், அது டாக்டரின் ஊகத்தால்.

நோயாளியின் கதையைக் கேட்ட மருத்துவம், உடலில் வலிக்கும் இடத்தைத் தேடத் தொடங்கிய திருப்பத்தை ஃபூக்கோ 1963இல் எழுதினார். கார்டிசோனுக்குப் பிறகு மூன்றாவது கேள்வி வந்துவிட்டது: எத்தனை மில்லிகிராம்? அதிகாரத்தின் கேள்விதான், ஆனால் அதற்குப் பதில் தெரியாதவர் சாகலாம். எனவே நான் அந்தக் கேள்வியை மறுக்கவில்லை. பதிலை என் வசம் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். வாரம் ஒருமுறை எடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் 1988இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதிக்கப்பட்ட பின், ஸ்டீராய்டு ஒரு தற்காலிகப் பாலமாக இருந்தால் போதும் என்பதே மருத்துவர்களின் பேச்சு. பாலத்திலேயே குடியிருப்பவர்கள் எத்தனையோ பேர்.

அந்த 1949 படத்துக்கு ஓர் இரண்டாம் பாகம் வேண்டும். என் நோட்டில் அதற்கான குறிப்புகள் இருக்கின்றன: தேதி, அளவு, காலையில் கை இளக எடுத்த நிமிடம். 20இலிருந்து 5க்கு வர பதினான்கு மாதம். டாக்டர் சொன்னபடி, இப்போது ஒருநாள் 5, மறுநாள் இரண்டரை. இன்று இரண்டரை நாள். நூற்றுப் பத்து நிமிடம் ஆயிற்று, பேனாவைப் பிடிக்க.