தத்துவ போதகரும் நம் மண்ணும்

மொரப்பூரிலிருந்து சேலத்திற்குத் தொடர்வண்டியில் ஏறினால், பொம்மிடியைக் கடந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அந்தச் சேலம் நாட்டிற்கு 1623ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து ஒரு துறவி வந்தார். உடலில் காவி, கையில் தண்டமும் கமண்டலமும், காலில் மரப் பாதக்குறடு. சேந்தமங்கலம், சேலம், மோரமங்கலம் என்று நீண்ட அவரது பயணத்தின் பயனாகச் சேலம் நாட்டுத் தலைவரின் தமையனாகிய திருமங்கல நாயக்கர் திருமுழுக்குப் பெற்றார். தத்துவ போதகர் என்று தமிழர் அழைத்த இராபர்ட் தே நொபிலி அடிகளே அத்துறவி. நம் பகுதிக் கிறிஸ்தவத்தின் முற்கதையைத் தேடுவோர் அவரைக் கடந்து செல்ல இயலாது.

அவர் 1577இல் உரோமையில் உயர்குடியில் பிறந்தவர். 1606இல் மதுரைக்கு வந்தவர். அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் சேசு சபைக் குரு ஏற்கெனவே பத்தாண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றி வந்தார். கடற்கரையிலிருந்து வந்து தங்கிய பரதவ வணிகருக்கும் போர்த்துக்கீசியருக்கும் அவர் நல்ல மேய்ப்பராகவே இருந்தார். ஆயினும் மதுரை மக்களில் ஒருவர்கூடத் திருமறையில் சேரவில்லை. ஏன் என்று நொபிலி ஆராய்ந்தார். திருமுழுக்குப் பெற வருவோரிடம், 'பரங்கியர் குலத்தில் சேர விரும்புகிறாயா' என்னும் பொருள்பட வினவும் வழக்கம் அங்கிருந்தது. கிறிஸ்துவின் சீடனாவதும் பரங்கியனாவதும் ஒன்றே என்று மக்கள் எண்ணியதில் வியப்பென்ன? கேட்ட கேள்வியே அப்படி இருந்தது!

நொபிலி அந்தக் கேள்வியை மாற்றினார். பின்னர்த் தம்மையும் மாற்றிக்கொண்டார். புலால் நீக்கினார். தமிழும் தெலுங்கும் கற்றார். சிவதர்மர் என்னும் அந்தணரிடம் வடமொழி பயின்றார். கோவில், குரு, பூசை போன்ற சொற்களை நம் வழிபாட்டு வழக்கில் நிலைபெறச் செய்தார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம் முதலிய உரைநடை நூல்களை யாத்தார். இதனை வேடம் என்று அன்றும் பழித்தார்கள். இன்றும் சிலர் பழிக்கிறார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், பார்வை மங்கிய முதுமையில் 1656இல் மயிலாப்பூரில் உயிர் பிரியும்வரை, ஒருவர் வேடம் தாங்க முடியுமா என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. குத்துவிளக்கு ஏற்றி ஆரத்தி எடுத்தவுடன் பண்பாட்டுமயமாதல் நிறைவேறிவிட்டதாக மகிழ்வோரும் நம்மிடையே உண்டு. நொபிலி உடையை மாற்றியதைவிட, மாணவராக அமர்ந்து படித்ததே கடினமான தவம் என்பேன்.

அவர்மீது முறையீடுகள் எழுந்தன. 1619இல் கோவாவில் கூடிய அவையில் அவருக்கு எதிராகவே பலரும் பேசினர். வழக்கு உரோமை சென்றது. திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் 1623 சனவரி 31 அன்று தீர்ப்பளித்தார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை, மூடநம்பிக்கையின் சாயல் நீக்கிக் கிறிஸ்தவர்கள் கைக்கொள்ளலாம் என்று இசைவு வழங்கினார். இவ்வளவும் நம் வரலாற்று நூல்களில் விரிவாக உண்டு. ஆனால் அதே திருமடலின் பிற்பகுதி அத்துணை பேசப்படுவதில்லை. உயர்குடிப் பிறப்பைப் பெருமையாகக் கருதுவோர் எளிய குலத்தாரை இகழலாகாது. சிறப்பாக, இறைவார்த்தை கேட்கவும் அருட்சாதனங்கள் பெறவும் ஆலயத்தில் கூடும்போது அவர்களைப் புறக்கணிக்கலாகாது என்று திருத்தந்தை அதில் மன்றாடியிருந்தார்.

முற்பகுதி தந்த இசைவை நம் முன்னோர் இரு கைகளாலும் ஏற்றார்கள். பிற்பகுதியின் மன்றாட்டு காற்றோடு போயிற்று. மதுரையில் உயர்குலத்தாருக்குத் தனிக் கோவில் எழுந்தது. எளிய குலத்தாரிடம் வெளிப்படையாகப் பழகக்கூடிய பண்டாரசுவாமிகள் என்னும் குருக்கள் பின்னர்த் தோன்றினர். 1640இல் பல்தசார் தா கோஸ்தா முதல் பண்டாரசுவாமியானார். ஒரே மறை, ஒரே சபை, இருவகைக் குருக்கள்! அக்காலச் சூழலில் நற்செய்தி எல்லாரையும் எட்ட வேறு வழி இருந்ததா என்று கேட்பது நியாயமே. சாதி என்பது சமூக ஒழுங்கு மட்டுமே, சமயத்திற்குப் புறம்பானது என்று நொபிலி கருதினார். அந்தக் கணிப்புக்கு நாம் கொடுத்த விலை பெரிது. உணவையும் உடையையும் போலச் சாதியும் ஒரு பண்பாட்டுக் கூறு என்று எண்ணிக் கோவிலுக்குள் விட்டோம். அது இருக்கைகளிலும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்களிலும்கூட இடம் பிடித்துக்கொண்டது. தமிழக ஆயர் பேரவை 1990இல் தலித் கிறிஸ்தவர்களுக்கெனப் பத்து அம்சத் திட்டம் வகுக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதற்கு விடை இந்த வரலாற்றில் உள்ளது.

நம் மறைமாவட்டத்தின் கதை சுருக்கமானது. 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவாயிற்று. 1997இல் அதிலிருந்து தருமபுரி பிரிந்தது. கோவிலூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் இருந்தபோதிலும் நாம் சிறு மந்தையே. நம்மைச் சூழ்ந்த பண்பாடோ வேகமாக மாறுகிறது. இளைஞர்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் செல்கிறார்கள். ஒரே அறையில் பல குலத்தாருடன் உண்டு உறங்குகிறார்கள். கைப்பேசி இல்லாத வீடு அரிதாகிவிட்டது. ஆனால் எல்லாம் மாறிவிடவில்லை. 2012 நவம்பர் 7 அன்று, ஒரு கலப்பு மணத்தைத் தொடர்ந்து, நம் மாவட்டத்து நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன.

இத்தகைய மண்ணில் நற்செய்தியை எந்த மொழியில் பேசுவது? காவியும் கமண்டலமும் இன்று நம் அயலாருக்கு எதையும் புதிதாகச் சொல்வதில்லை. நம் பள்ளிகளும் மருந்தகங்களும் செய்த பணியை அவர்கள் அறிவார்கள், மதிக்கவும் செய்கிறார்கள். நாம் ஒருவரோடு ஒருவர் எப்படி வாழ்கிறோம் என்பதையும் அவர்கள் கவனிக்கிறார்கள். திருவிழாத் தேரின் வடத்தைப் பிடிக்க யார் யாரை அழைக்கிறோம்? பெரிய வியாழனன்று பாதம் கழுவ எந்தெந்தத் தெருக்களிலிருந்து பன்னிருவரைத் தெரிந்தெடுக்கிறோம்? அன்பியக் கூட்டத்திற்கு எந்த வீட்டுத் திண்ணையில் அமர்கிறோம்? இவற்றை முடிவு செய்வோர் உரோமையில் இல்லை. ஆயர் இல்லத்திலும் இல்லை. பங்குப் பேரவையில் நம் பொதுநிலையினரும் பங்குக் குருவும் கூடித்தான் முடிவு செய்கிறார்கள். கிரகோரியாரின் மன்றாட்டை அடுத்த பேரவைக் கூட்டத்தின் தொடக்கத்தில் ஒருமுறை உரக்க வாசிக்கலாம்.