மூளையின் வடிகால்

கிள்ளான் நகரின் பழைய வரலாற்றைப் புரட்டுவோர் 1901ஆம் ஆண்டில் சற்றே நின்றாக வேண்டும். அவ்வாண்டில் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், மலேரியாவால் மக்கள் மடிவதைக் கண்டு, நகரைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டச் செய்தார். தேங்கிய நீர் வடிந்தது; காய்ச்சலும் தணிந்தது. வடிகால் என்னும் சொல்லை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் இதனையே நான் சான்று காட்டுவது வழக்கம். மண்டை ஓட்டுக்குள்ளும் ஒரு வடிகால் உண்டு என்பதை, உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவருக்கு நேர்ந்த துன்பமே எனக்குக் கற்பித்தது.

காலைக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தவர், தலையில் இடி விழுந்தாற்போல் இருக்கிறது என்று கூறிச் சாய்ந்தார். மூளையைச் சூழ்ந்த படலங்களுக்கிடையே, குருதிக்குழாய்ப் புடைப்பு ஒன்று வெடித்திருந்தது. அறுவை மருத்துவர் கசிவை அடைத்தனர்; அவரும் பிழைத்தார். ஆயினும் சில வாரங்களில் நடை தளர்ந்தது. நாள்தோறும் அழைத்த மாணவர் பெயர்கள் மறந்தன. குருதி நின்ற பின்னும் நோய் நிற்காதது ஏன்?

இவ்வினாவின் வரலாறு நெடியது. மூளையைச் சுற்றி நீர் உண்டென்பதை 1764இல் நேப்பிள்சு நகரத்துக் கொட்டூனியோ விரித்துரைத்தார். ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் அளவுள்ள இந்நீர் நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை புதிதாகச் சுரக்கிறது. அப்படியானால் பழைய நீர் எங்கே போகிறது? 1875இல் சுவீடன் நாட்டுக் கீயும் ரெட்சியசும் நீல வண்ணத்தைச் செலுத்திப் பார்த்து, சிலந்திவலைப் படலத்தின் சிறு மொட்டுகள் வழியே அது சிரைகளை அடைகிறது என்றனர். அம்மொட்டுகளைக் குருதி அடைத்துவிட்டால் நீர் தேங்கும் என்பதே நெடுங்காலம் விடையாக இருந்தது.

விடையின் மறுபாதி 2012இல்தான் கிடைத்தது. நெடர்கார்டு, இலிஃப் ஆகியோரின் குழுவினர் எலிகளில் கண்டது இது: தமனிகளின் புறச்சுவரை ஒட்டிய இடைவெளி வழியே நீர் மூளைக்குள் புகுந்து, கழிவுகளைக் கழுவிச் செல்கிறது. கிளிம்பாட்டிக் மண்டலம் என அதற்குப் பெயரிட்டனர். 2015இல் மூளைப் படலத்து நிணநீர் நாளங்களும் உறுதிப்பட்டன. இத்தாலியரான மசுக்காஞி 1787இலேயே அவற்றை வரைந்திருந்தார், நம்புவார்தாம் இல்லை! நீரோட்டத்தின் விசையையும் வழியையும் பற்றி இன்றும் அறிஞரிடையே வழக்கு உண்டு என்பதையும் மறைத்தல் ஆகாது.

2014இல் பிரெஞ்சு ஆய்வாளர் எலிகளின் மூளையைச் சூழக் குருதியைச் செலுத்தி ஆராய்ந்தனர். குருதி உறைந்து உண்டாகும் ஃபைப்ரின் இழைகள் அத்தமனியோர இடைவெளிகளை அடைத்தன, நீரோட்டம் குன்றியது. உறைவைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தியபோது ஓட்டம் ஓரளவு மீண்டது. 2017இல் குரங்குகளிலும் இவ்வடைப்பு காணப்பட்டது. ஆக, வாசலில் மட்டுமன்று, வீட்டின் உள்வாய்க்கால்களிலும் வண்டல் படிகிறது. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சிந்திய சிவப்பணுக்களை அகற்றுவதில் நிணநீர் நாளங்களுக்கும் பங்குண்டு என எலிகளில் காட்டியது. மனிதர்க்கு இவற்றால் எவ்வளவு பயன் விளையும் என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது.

தேங்கும் நீருக்கு மருத்துவர் இன்றும் நாடுவது குழாயைத்தான். அதன் வரலாறும் மனத்தைத் தொடுவது. 1950களில் அமெரிக்க இயந்திரத் தொழிலாளரான ஜான் ஹோல்ட்டர், மூளையில் நீர் தேங்கிய தம் மகனுக்காக, ஒருவழியே திறக்கும் சிறு தடுக்கிதழைத் தம் கையாலேயே செய்தார். மகன் பிழைக்கவில்லை, தந்தையின் கருவியோ உலகெங்கும் பரவியது.

என் நண்பரின் காதுக்குப் பின்புறம், தோலுக்கடியில், அத்தகைய தடுக்கிதழ் ஒன்று இருக்கிறது. குழாய் பொருத்திய பின் நடை திரும்பியது. பெயர்கள் மெல்லத்தான் திரும்பின. வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பெயரைப் படிப்பதும் அம்மாணவனின் முகத்தைப் பார்ப்பதுமாக ஒரு தவணை முழுவதும் பழகினார்.