மைஃபிட்னஸ்பால்

மைஃபிட்னஸ்பால் என்பது ஒருவர் நாள்தோறும் உண்ணும் உணவைப் பதிவு செய்ய உதவும் இணையத்தளமும் கைபேசிச் செயலியும் ஆகும். இது 2005 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் மைக் லீ, ஆல்பர்ட் லீ என்னும் சகோதரர்களால் தொடங்கப்பட்டது.

செயற்பாடு

பயனர் உணவின் பெயரையும் அளவையும் உள்ளிட்டால், அதன் கலோரி, புரதம், கொழுப்பு, மாவுச்சத்து ஆகியவை கணக்கிடப்பட்டு, அன்றைய இலக்கில் எஞ்சிய கலோரி அளவு காட்டப்படும். உணவுத் தரவுகளுட் பல பயனர்களாலேயே சேர்க்கப்பட்டவை. எனவே அவற்றிற் பிழைகளும் உண்டு.

உரிமை

2015 இல் அண்டர் ஆர்மர் நிறுவனம் இதனை 475 மில்லியன் டாலருக்கு வாங்கி, 2020 இல் 345 மில்லியன் டாலருக்கு விற்றது.

விமர்சனங்கள்

2018 இல் ஏறத்தாழ 150 மில்லியன் கணக்குகளின் பயனர் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் திருடப்பட்டன. 2017 இல் வெளியான ஓர் ஆய்வில், உணவு உண்ணல் கோளாறு உடைய பயனர்களிற் பெரும்பாலோர், இச்செயலியும் தம் கோளாற்றுக்கு ஒரு காரணம் எனக் கருதினர்.