உணவுக் கோளாறு குணமான பிறகும் திரும்பினால் என்ன செய்வது?

"பசியாறியாச்சா?" ஸ்கூடாயில் காலையில் யாரைப் பார்த்தாலும் நம்ம வாயில் முதலில் வருவது இந்தக் கேள்விதான். உணவுக் கோளாறிலிருந்து மீண்டு வருகிறவருக்கு இதைவிடச் சங்கடமான கேள்வி இல்லை. இரண்டு மூன்று வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு, திடீரென்று பழையபடி தவிர்க்க ஆரம்பித்திருந்தால், "ஆச்சு" என்று பொய் சொல்லி நகர்ந்துவிடுவார்.

அனோரெக்சியா, புலிமியா, கட்டுப்பாடின்றி அளவுக்கு மீறி உண்ணும் கோளாறு என எதுவானாலும், குணமாகப் பல வருடங்கள் ஆகலாம். நடுவில் பழைய பழக்கம் தலைகாட்டுவது அரிதல்ல.

சிகிச்சையில் இரண்டைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒரு நாள், இரண்டு நாள் தடுமாறுவது சறுக்கல். அது வாரக்கணக்கில் நீண்டு, பழைய எண்ணங்களும் சேர்ந்துகொண்டால் நோய் திரும்புகிறது என்று பொருள். முதலாவது இரண்டாவதாக மாறுவது பெரும்பாலும் "எல்லாம் போச்சு, இனி என்ன இருக்கு" என்ற நினைப்பால்தான். இரவு அளவுக்கு மீறிச் சாப்பிட்டதை ஈடுகட்ட மறுநாள் பட்டினி கிடந்தால், அந்தப் பசியே மறுபடியும் அதே இடத்தில் கொண்டுபோய் விடும். அதனால் நேற்று என்ன நடந்திருந்தாலும் அடுத்த வேளைச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்க. விழித்திருக்கும் நேரத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிற்றோடு இருக்காதீங்க.

இது மன உறுதி சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. 1945-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் உணவைக் குறைத்துக் கொடுத்தார். அவர்கள் எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்தார்கள், சமையல் புத்தகம் சேர்த்தார்கள். மறுபடி உணவு கிடைத்தபோது சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டும் வயிறு நிறைந்த உணர்வே வரவில்லை. பட்டினி கிடந்த மூளை அப்படித்தான் நடந்துகொள்ளும்.

நம்ம ஊரில் சறுக்கும் இடங்களும் தெரிந்தவைதான். விடியுமுன்னே சிங்கப்பூர் பாலத்தைத் தாண்டும் வேலை, பல்கலைக்கழகத் தேர்வு வாரம், புரட்டாசி விரதம், அப்புறம் தீபாவளித் திறந்த இல்லம். "என்னம்மா, நல்லா சதை போட்டுட்டே!" என்பார் அத்தை. பாராட்டாகத்தான் சொல்வார், ஆனால் அன்று இரவு அதுதான் காதில் ஒலிக்கும். (பண்டிகைக்கு முன் எடை குறைப்புக் குறிப்புகளைப் போடும் எங்களைப் போன்ற ஊடகத்தாருக்கும் இதில் பங்கு உண்டு.) உங்களுக்கான நாட்கள் எவை என்று முன்கூட்டியே எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் காட்டி வையுங்க. விரதம் இருக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுவிடுங்க.

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு இருந்தால் காத்திருக்க வேண்டாம். அடிக்கடி வாந்தி எடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறும். பல நாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய ஊட்டுவதும் ஆபத்து. மருத்துவக் கண்காணிப்பில்தான் அளவைக் கூட்ட வேண்டும்.

குடும்பத்தார் தட்டைக் காவல் காப்பதைவிடக் கூட உட்கார்ந்து சாப்பிடலாம், வேறு கதை பேசலாம்.

முதலில் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குப் போனால், தேவைப்பட்டால் மனநல நிபுணரிடம் அனுப்பக் கடிதம் தருவார்கள். தம்போயில் உள்ள பெர்மாய் மருத்துவமனை பக்கம்தான். பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதற்காகத் தள்ளிப்போடாதீங்க. பேச மட்டும் ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர்: 03-7627 2929.