லாசால் கலைக் கல்லூரி (இசை நாடகப் பயிற்சி)

சிங்கப்பூரின் காத்தோங்கில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள செயின்ட் பேட்ரிக் பள்ளியில், அயர்லாந்தில் பிறந்த துறவியும் சிற்பியுமான பிரதர் ஜோசப் மெக்நேலி (1923–2002) 1984-இல் ஸ்தாபித்த கலை மையமே பிற்காலத்தில் லாசால் கலைக் கல்லூரியாக வளர்ந்தது. குட்மன் சாலையில் சில காலம் இயங்கி, 2007-இல் லிட்டில் இந்தியாவுக்கு அணித்தான மெக்நேலி தெருவில் நிலைபெற்ற இக்கல்லூரியில், கானம், அபிநயம், நடனம் மூன்றையும் ஒருங்கே அப்பியசிக்கும் இசை நாடகப் பட்டப்படிப்பு மாணவர், தம் தேர்ச்சியைப் பொதுமக்கள் முன்னிலையில் அரங்கேற்றுதல் பயிற்சியின் பிரதான அங்கமாகும். பாட்டும் நடிப்பும் பிரியாத இம்முறை, தமிழ் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் இளஞ்சிறுவரைப் பயிற்றிய நாடக சபைகளைத் தமிழர்க்கு நினைவூட்டவல்லது. 1938-இல் நிறுவப்பட்ட நன்யாங் நுண்கலைக் கழகத்துடன் சேர்ந்து, 2024 முதல் லாசால் கல்லூரி சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்குகிறது.