கற்படுக்கையும் கஷாயமும்

கீரமங்கலத்திலிருந்து புதுக்கோட்டை வழியாக அன்னவாசல் சாலையில் செல்வோர்க்குச் சித்தன்னவாசல் குன்று புலப்படும். வருவோருள் பெரும்பாலோர் அறிவர் கோயிலின் தாமரைத் தடாக ஓவியத்தைக் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுவர். ஏழடிப்பட்டம் வரை ஏறுவோர் சிலரே. பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளைக் கடந்தால் இயற்கையான குகைத்தளம் ஒன்று உண்டு. தலைப்பக்கம் தலையணைபோல் உயர்த்தி, வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள் அங்கே உள்ளன. அவற்றுள் பெரிய படுக்கையில் பொறித்த தமிழிக் கல்வெட்டைக் கி.மு. முதல் நூற்றாண்டளவினது என அறிஞர் கொள்வர். துறவி ஒருவர்க்கு அவ்விருக்கை அமைத்துத் தரப்பட்ட செய்தியை அது கூறுகிறது.

இந்நாளில் ஆயுர்வேத நிலையங்களில் சில நாள் தங்கி, உணவைச் சுருக்கி, எண்ணெய் தேய்த்து, பேதிக்கு மருந்துண்டு உடலைத் தூய்மை செய்துகொள்ளும் வழக்கம் பெருகியிருக்கிறது. ஊர்ச் சந்தடியை விட்டு விலகுதல், குறைய உண்ணுதல், வாயடக்கி இருத்தல் ஆகிய மூன்றும் ஏழடிப்பட்டத்திலும் இருந்தவையே. ஆயினும் அங்கே கழிக்கப்பட வேண்டிய அழுக்கு வேறு.

சமண நூல்கள் புறத்தவம் ஆறு என்பன. முற்றும் உண்ணாதிருத்தல், வயிறு நிரம்பாது குறைய உண்ணுதல், ஏற்கும் பிச்சைக்கு வரையறை வகுத்துக்கொள்ளுதல், நெய் பால் தயிர் முதலிய சுவைகளைத் துறத்தல், தனியிடத்தில் துயிலுதலும் இருத்தலும், உடல் வருத்தம் பொறுத்தல் என்பவை அவை. ஐந்தாவதை விவிக்த சய்யாசனம் என்பர். கற்படுக்கைகள் அத்தவத்திற்குரிய இடங்கள்.

ஆயுர்வேதத்தின் பஞ்சகர்ம முறையோ நெய்யில் தொடங்குகிறது. நோயாளிக்கு மருந்து நெய்யை நாள்தோறும் அளவு கூட்டிக் கொடுத்து, பின் வியர்வை வரச்செய்து, உடலெங்கும் படிந்த தோஷங்களை நெகிழ்த்தி வயிற்றுக்குக் கொணர்ந்த பின்னரே வாந்தியோ பேதியோ செய்விப்பர். துறவியின் நோன்பு நெய்யை விடுவதில் தொடங்க, மருத்துவரின் சுத்தி நெய்யை உண்பதில் தொடங்குவது நோக்கத்தக்கது. இரண்டும் ஒன்றே எனக் கூறுவது இரண்டுக்கும் இழுக்கு.

கஷாயம் என்ற சொல்லே இவ்வேறுபாட்டை உணர்த்தும். மருத்துவர்க்கு அது மூலிகையைக் காய்ச்சி வடித்த நீர். சமணர்க்கோ கோபம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு; வினைகளை உயிரோடு ஒட்டவைக்கும் பசை. உடலையும் கஷாயத்தையும் ஒருசேர மெலிவித்தலே சல்லேகனை. 2015ஆம் ஆண்டு ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதனைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கருதித் தடுத்தபோது சமண சமுதாயம் வருந்தியதற்குக் காரணம் இதுவே. அம்மாத இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

ஆயின் சமணம் மருந்தை வெறுத்ததா? இல்லை. அன்னம், அபயம், ஔஷதம், சாத்திரம் என்னும் நான்கு தானங்களுள் மருந்தும் ஒன்று. நோயுற்ற துறவிக்குப் பணிவிடை செய்தல் அகத்தவம் ஆறனுள் வைத்து எண்ணப்படும். தீர்த்தங்கர நிலைக்கு ஏதுவான 16 பாவனைகளுள் ஒன்று ஆற்றலுக்கேற்ற தவம். இந்த அளவுகோலை மறந்து, பிணியாளரும் கருவுற்றோரும் பிறரைப் பார்த்து நெடுநோன்பு தொடங்குவது நூல்நெறி ஆகாது. தமிழ்ச் சமணப் புலவர்களும் மருந்தை அறிந்தவரே. கணிமேதாவியார் தம் நீதிநூலுக்கு ஏலம் முதலிய ஆறு சரக்குகள் சேர்ந்த ஏலாதியின் பெயரையே சூட்டினார். காரியாசான் ஐந்து வேர்களின் பெயரால் சிறுபஞ்சமூலம் பாடினார்.

மருந்தை ஏற்றவர்கள் அதற்காகக் கொலையை ஏற்கவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் உக்கிராதித்தியர் என்னும் சமண ஆசாரியர் வடமொழியில் கல்யாணகாரகம் என்ற மருத்துவ நூலை இயற்றினார். உடற்சுத்தி முறைகளை விரித்துரைக்கும் அந்நூல் ஊன், மது, தேன் மூன்றையும் மருந்தினின்று விலக்கியது. பழைய ஆயுர்வேத நூல்களில் ஊன்சாறு வலிவூட்டும் பத்தியம். தேனோ எங்கும் அனுபானம். அவற்றை நீக்கியும் நோய் தீர்க்கலாம் என்று நிறுவுவது எளிய செயலன்று. நிருபதுங்க மன்னனின் அவையில், வைத்தியர் பலர் முன்னிலையில், ஊனுணவு வேண்டாமை பற்றி அவர் வாதிட்டதாக நூலின் இறுதிப்பகுதி கூறும். அம்மன்னனை 814 முதல் 878 வரை ஆண்ட இராஷ்டிரகூட அமோகவர்ஷன் என்பர். அந்நூல் 1940இல் சோலாப்பூரில் இந்தி மொழிபெயர்ப்போடு அச்சேறியது.

அதே ஒன்பதாம் நூற்றாண்டில்தான், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் சித்தன்னவாசல் அறிவர் கோயிலைப் புதுப்பித்தார். வடக்கே மருந்திலிருந்து ஊன் விலக்கப்பட்ட நாள்களில் இங்கே தாமரைத் தடாகத்துக்கு வண்ணம் தீட்டப்பட்டிருக்கலாம்.

நோன்பிருந்தவரை ஊர் எவ்வாறு நோக்கியது என்பதற்கு இம்மாவட்டத்திலேயே பொன்னமராவதிப் பக்கத்துத் தேனிமலையில் சான்று உண்டு. மலயத்துவசன் என்னும் துறவி அங்கே தவஞ்செய்யக் கண்ட இருக்குவேள் தலைவன் அவரை வணங்கி, பள்ளிச்சந்தமாக நிலம் அளித்தான் என்கிறது குகையருகிலுள்ள கல்வெட்டு. அக்கொடையின் பெயர் அவிப்புறம், அதாவது உணவுக்கென விட்ட நிலம். உண்ணாமையைத் தவமாகக் கொண்டவர்க்குத் தலைவன் தேர்ந்து கொடுத்தது பொன்னோ பட்டோ அன்று, சோறு. நோன்பு முடிந்தால் பாரணை வேண்டும். பஞ்சகர்மம் முடிந்த நோயாளிக்கும் மருத்துவர் முதலில் தருவது நீர்த்த கஞ்சியே. ஆதிநாதர் ஓராண்டளவு உணவின்றி நடந்து அத்தினாபுரம் சேர்ந்தபோது சிரேயாம்ச மன்னன் ஏந்தி நின்றது கரும்பின் சாறு. அட்சய திருதியை அந்நாளின் நினைவாகவே சமணரால் போற்றப்படுகிறது.