கிளிசரால் சிதைவு, மிகை உப்பு நீர்நிலைகளில்

உப்பளப் பாத்திகளிலும் சாக்கடலிலும் பாசி உருவாக்கும் கிளிசராலை நுண்ணுயிர்கள் உண்டு சிதைக்கும் நிகழ்வு. இதைப் பற்றிய ஆய்வு, உப்பு நீர் ஏன் சிவக்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்கியது.

தென்பிரான்ஸ் உப்பளங்களின் செந்நிறத்துக்கு நுண்ணிய உயிர்களே காரணம் என்று 1838இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் துனால் எழுதினார். அவர் கண்ட ஒருசெல் பாசிக்கு, 1905இல் ருமேனியத் தாவரவியலாளர் தியோதொரெஸ்கு அவர் நினைவாகத் துனாலியெல்லா என்று பெயரிட்டார். இதற்கு உறுதியான செல்சுவர் கிடையாது. வெளியே உள்ள உப்பு செல்லின் நீரை உறிஞ்சிவிடாமல் இருக்க, உள்ளே கிளிசராலைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. உப்பு ஏற ஏறக் கிளிசராலும் ஏறும்.

சாக்கடலில் உயிரே இல்லை என்ற எண்ணத்தை 1936இல் நுண்ணுயிரியலாளர் வில்கான்ஸ்கி உடைத்தார். ஆனால் பாசிக்கும் நுண்ணுயிருக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் வெளிப்படையாகத் தெரிந்தது 1980இல்தான். அதற்கு முந்தைய குளிர்காலப் பெருமழை மேல்நீரை நீர்க்கச் செய்தது. துனாலியெல்லா பெருகி, ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 8,800 செல்களை எட்டியது. பின்னாலேயே, பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட ஒருசெல் நுண்ணுயிர்களான ஆர்க்கியாக்கள் அதே அளவு நீரில் சுமார் 2 கோடியாகப் பெருகி, ஏரியைச் செந்நிறமாக்கின. 1992இலும் இதே கதைதான். இரண்டையும் தொடர்ந்து கவனித்தவர் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் ஆரன் ஓரன்.

இந்த ஆர்க்கியாக்கள் கிளிசராலுடன் பாஸ்பேட்டை இணைத்து, அதை டைஹைட்ராக்சி அசிட்டோன் பாஸ்பேட்டாக்கி, சர்க்கரை எரியும் வழியில் செலுத்துகின்றன. கிளிசரால் மிகுந்துவிட்டால் சில இனங்கள் லாக்டிக் அமிலத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் வெளியே விடுகின்றன. அவை பிற இனங்களுக்கு உணவு.

இந்தச் சங்கிலியில் பாக்டீரியாவுக்கும் இடமுண்டு என்பது 2002இல் ஸ்பெயின் உப்பளங்களிலிருந்து சாலினிபாக்டர் ரூபர் என்ற பாக்டீரியா விவரிக்கப்பட்ட பிறகே ஏற்கப்பட்டது. அது கிளிசராலில் ஒரு பகுதியை டைஹைட்ராக்சி அசிட்டோனாக மாற்றி வெளியே விடுகிறது. சினாய் உப்புநீரில் 1980இல் நுண்ணுயிரியலாளர் வால்ஸ்பி கண்டறிந்த, தட்டையான சதுர வடிவ ஆர்க்கியாவுக்கு அந்த டைஹைட்ராக்சி அசிட்டோன் உணவாகிறது. அந்தச் சதுர உயிரை ஆய்வகத்தில் வளர்த்தெடுக்க 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பாசி உயிரோடிருக்கும்போதே கிளிசராலைத் தாராளமாகக் கசியவிடுகிறது என்ற பழைய படத்தை அப்படியே ஏற்க முடியாது. அதன் சவ்வு கிளிசராலை எளிதில் வெளியே விடுவதில்லை. செல் இறந்து உடையும்போது வெளிப்படுவதே இந்த நுண்ணுயிர்களின் முதன்மையான உணவு எனக் கொள்வது பொருத்தம்.